கட்டி முடித்த வீட்டில் புதிதாக ஒரு வெளிவாசல்: இராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கரையோர ஊர்களில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவனிடம் வந்து சேரும் சந்தேகங்களில் பெரும்பகுதி, ஏற்கெனவே இருக்கும் சுவரில் இன்னொரு வாசல் வைப்பதைப் பற்றியவை. மகனுக்குத் தனிக் குடித்தனம், பின்கட்டுக் கழிப்பறைக்கு வழி, வலையையும் மீன்பெட்டியையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் எடுத்துப்போக ஒரு பக்கவாசல், தெருப்பக்கம் ஒரு சிறு கடை என்று காரணங்கள் பலவாக இருந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வெளியூர்க் கொத்தனாருக்குத் தெரியாத, உப்புக்காற்றுக்கே உரிய சில செய்திகளும் பதில்களில் இடம்பெறுகின்றன.

1. எந்தச் சுவரை வேணும்னாலும் உடைச்சு வாசல் வைக்கலாமா?

வைக்கலாம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. தூண் எழுப்பி, பீம் போட்டு, பிறகு இடையில் சுவர் அடைத்த வீடாக இருந்தால், அந்தச் சுவர் தன் எடையை மட்டுமே சுமக்கிறது; வேலை எளிது. தூணே இல்லாமல் செங்கல் அல்லது பிளாக் சுவரின் மேல் நேரடியாகக் கான்கிரீட் தளம் போட்ட வீடாக இருந்தால், ஒவ்வொரு அடிச் சுவரும் பாரம் தாங்குகிறது. பனஞ்சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த பழைய கல் வீடு மூன்றாவது வகை. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எந்த வகையானாலும் சில இடங்களைத் தொடக்கூடாது. பீமின் முனை வந்து உட்காரும் இடம், மாடிப்படி சுவரில் பதியும் இடம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள இடம் ஆகியவை அவை. வாசல் அங்கேதான் வேண்டும் என்றால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் உளியை எடுக்க வேண்டாம்.

2. எங்க சுவர் மேல பாரம் இருக்கா இல்லையான்னு நாங்களே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நீளமான அறையில் கான்கிரீட் தளம் பெரும்பாலும் குறுகிய பக்கமாகத் தாவி நிற்கும். ஆகவே எதிரெதிரே உள்ள இரண்டு நீளச் சுவர்கள்தான் கூடுதல் பாரத்தை வாங்கும். ஓட்டு வீட்டில் சட்டங்கள் எந்தச் சுவரின் தலையில் கிடத்திய மரத்தின்மேல் வந்து உட்காருகின்றனவோ, அதுவே பாரச்சுவர். தூண் இருக்கிறதா என்று அறிய, அறை மூலைகளில் சுவரைவிட்டு ஓரிரு அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைப் பார்க்கலாம். பூச்சுக்குள் மறைந்திருந்தால், வீடு கட்டிய மேஸ்திரியைக் கேட்பதே உத்தமம்.

3. மூலையில இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்? பக்கத்துல ஜன்னல் இருக்கு.

நிலநடுக்கப் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4326 இதற்கு அளவுகளைத் தருகிறது. நம் பகுதி நிலநடுக்க ஆபத்து குறைந்தது என்றாலும், புயல்காற்றும் சுவரைப் பக்கவாட்டில்தான் தள்ளும் என்பதால், அதிலுள்ள மிகக் கடுமையான அளவையே நான் எடுத்துக்கொள்கிறேன். அதன்படி சுவரின் உள்மூலையிலிருந்து வாசல் 45 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே 56 செ.மீ. சுவராவது மிஞ்ச வேண்டும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், ஒரு சுவரில் இருக்கும் எல்லாத் திறப்புகளின் அகலத்தையும் கூட்டினால் அது சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மேலே ஒரு மாடி இருந்தால் நூற்றுக்கு 42 பங்குதான்.

12 அடிச் சுவரில் 4 அடி ஜன்னல் ஏற்கெனவே இருந்தால், இன்னொரு 3 அடி வாசலுக்கு அங்கே இடமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 5-ஆம் கேள்வியின் பதில் உதவும்.

4. பஞ்சாயத்துல அனுமதி வாங்கணுமா? கடலுக்குப் பக்கத்துல வேற இருக்கோம்.

தேசிய கட்டட விதித்தொகுப்பு, கட்டட உறுதியையும் பிற விதிகளையும் மீறாத வரையில், கதவு, ஜன்னல் திறப்பதையும் அடைப்பதையும் அனுமதி தேவைப்படாத சிறு மாற்றங்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. இருந்தாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கீழ் வருவதால் கட்டாயம் கேட்க வேண்டும். வாசலால் கட்டடத்தின் பரப்பு கூடுவதில்லை. ஆனால் வாசலோடு சேர்த்து முன்னால் ஒரு திண்ணையும் கூரையும் இழுத்தால் கூடிவிடும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

வாசலைத் திறந்தால் கால் யாருடைய மண்ணில் படும் என்பதையும் பாருங்கள். படிக்கட்டு தெருவில் இறங்கக்கூடாது. பக்கத்து மனையில் கால் வைத்துத்தான் போக வேண்டும் என்றால், வாய்ச்சொல் சம்மதத்தை நம்பி வாசல் வைக்காதீர்கள். நடைபாதை உரிமை, எழுத்தில் இல்லாவிட்டால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி தடையின்றி 20 ஆண்டுகள் உரிமையாக அனுபவித்த பிறகே நிலைக்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒருதலையாகத் திறப்பு வைக்கவே கூடாது.

5. இருக்கிற ஜன்னலையே கதவா மாத்திட்டா என்ன?

முடியுமானால் அதையே செய்யுங்கள். எனக்குத் தெரிந்து இதுவே மிகக் குறைந்த செலவிலும் ஆபத்திலும் முடிகிற வழி. திறப்பின் மேல் குறுக்கே கிடந்து பாரம் தாங்கும் லிண்டல் ஜன்னலுக்கு மேலே ஏற்கெனவே உட்கார்ந்து, வீடு அதற்குப் பழகியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் ஜன்னல் லிண்டலும் கதவு லிண்டலும் 7 அடி உயரத்தில் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். ஜன்னல் அகலத்தைத் தாண்டாமல், அடியில் உள்ள சுவரை மட்டும் தரைமட்டம் வரை எடுத்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். லிண்டலின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் விரிசலோ செம்பழுப்புக் கறையோ இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று பொருள். அதன் கீழே புதுக் கதவு மாட்டுவது வீண். தரைக்குக் கீழே அடித்தளத்தின் மேல் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது.

6. கொத்தனார் ஒரே நாள்ல உடைச்சு நிலையை நிறுத்திடலாம்னு சொல்றாரு. நம்பலாமா அண்ணே?

தூண் உள்ள வீட்டின் அடைப்புச் சுவரானால்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசல் வைக்கும் வேலையில் ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான்: மேலே தாங்க வேண்டியதை முதலில் வைத்துவிட வேண்டும், கீழே உள்ளதைப் பிறகுதான் எடுக்க வேண்டும். முதலில் ஓட்டையைப் போட்டுவிட்டு அப்புறம் லிண்டலைத் தூக்கி வைக்கிறேன் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

முறை இதுதான். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் அந்த இடத்தில் ஓடவில்லை என்று உறுதிசெய்து, உள்ளேயும் வெளியேயும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து வாசலைக் கோடு போடுங்கள். தளத்துக்கு உள்பக்கம் முட்டு கொடுங்கள். பிறகு லிண்டல் உட்காரும் இடத்தை மட்டும், சுவரின் பாதித் தடிமன் ஆழத்துக்கு, வெளிப்பக்கத்திலிருந்து வெட்டி எடுங்கள். இருபுறமும் வாசலைத் தாண்டி 20 செ.மீ. சுவரில் ஏறுமாறு, 3 அடி வாசலுக்கு 1.3 மீட்டர் நீளத்தில் முதல் பாதி லிண்டலை உள்ளே தள்ளி, அதற்கும் மேல் சுவருக்கும் நடுவே உள்ள சந்து இடைவெளியை இறுக்கக் கலவையால் அடைக்க வேண்டும். இந்தக் கலவையில் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரித்தால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. அதைக் கரண்டியால் பூசாமல், கட்டையை வைத்துச் சுத்தியலால் இடித்துத் திணிக்க வேண்டும். சந்து இறுகாமல் விட்டால், மேலே உள்ள சுவர் ஒரு நூல் இறங்கி லிண்டலைத் தேடி உட்காரும். விரிசல் அப்போதுதான் பிறக்கிறது.

அது இறுகியபின் உள்பக்கத்திலிருந்து மறுபாதி. அதுவும் ஒரு வாரம் நனைந்து இறுகிய பிறகே கீழே உடைக்கத் தொடங்க வேண்டும். கோட்டின் மேல் இருபுறமும் கட்டரால் கீறிவிட்டு, லிண்டலின் அடியிலிருந்து வரிசை வரிசையாகக் கீழ்நோக்கி எடுத்தால் ஓரங்கள் சிதறாது. அடியில் குடைந்து மேலே இருப்பதைத் தானாக விழவிடுவது கூடவே கூடாது.

7. மூணடி வாசலுக்கெல்லாம் முட்டு எதுக்கு? செங்கல் தன்னைத் தானே பிடிச்சுக்கும்னு சொல்றாங்களே?

அதில் பாதி உண்மை இருக்கிறது. திறப்புக்கு மேலே உள்ள சுவர் வளைவுபோலத் தன் பாரத்தை இருபக்கமும் இறக்கிவிடும். லிண்டல் மேல் உண்மையில் ஏறுவது, திறப்பின் அகலத்தை அடியாகக் கொண்ட சமபக்க முக்கோண அளவுச் சுவர்தான். ஒரு மீட்டர் திறப்பு என்றால் அந்த முக்கோணம் ஏறக்குறைய 87 செ.மீ. உயரம். ஆனால் அந்த முக்கோணம் முழுவதும் அடங்கும் அளவுக்குச் சுவர் மேலே இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். நம் வீடுகளில் சுவர் 10 அடி. வாசல் 7 அடி. லிண்டல் முக்கால் அடி. மேலே மிஞ்சுவது 70 செ.மீ. அளவே. முக்கோணம் அடங்காததால் தளத்தின் பாரம் நேரே லிண்டல் மேல் வருகிறது. முட்டு அதற்காகத்தான்.

8. லிண்டல் கல்லுல போடவா, கான்கிரீட்ல போடவா?

கரையோரத்தில் ஓட்டு வீட்டுக்கும், மாடி இல்லாத சிறிய வீட்டில் ஒரு மீட்டருக்குள் அடங்கும் வாசலுக்கும் என் விருப்பம் கருங்கல். காரணம் எளிது: உள்ளே இரும்பு இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. இரும்பை உப்பு என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் துருவை ஆராய மண்டபத்தில் களம் அமைத்திருப்பதே, இங்குள்ள காற்றுக்குக் கிடைத்த சான்றிதழ்தான். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதும் இதனால்தான்.

9 அங்குலச் சுவருக்கு 11 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள இரண்டு கற்களை, 6-ஆம் பதிலில் சொன்னபடி வெளியில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வைக்கலாம். கல் ஒன்று 75 கிலோவைச் சற்றுத் தாண்டும். சாரம் உறுதியாக இருந்தால் இரண்டு பேர் ஏற்றிவிடலாம். தட்டினால் மணிபோல் ஓசை வர வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே நரம்பு விரிசல் இருக்கும், வாங்காதீர்கள்.

மாடி உள்ள வீட்டிலும், பாரமான தளத்துக்கு அடியிலும், ஒரு மீட்டருக்கு மேல் அகலமான வாசலுக்கும் கல் போதாது. கல் நசுக்குவதைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. முறியும்போது முன்னறிவிப்பும் தராது. அங்கே கம்பி போட்ட கான்கிரீட்தான்.

9. கான்கிரீட்னா கம்பிக்கு 45 மில்லி கவர் விடச் சொல்றாங்க. அரைச்சுவர் அகல லிண்டல்ல அப்புறம் கம்பி எங்க வைக்கிறது?

மிகச் சரியான கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்ற வகையில் சேர்த்து, எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்) கேட்கிறது, கடல்நீர்த் தூவானம் நேரே படும் இடத்துக்கு எம்35 தரமும் 50 மி.மீ. கவரும் கேட்கிறது. 11 செ.மீ. அகலத்தில் இருபுறமும் 45 மி.மீ. போனால் நடுவில் 2 செ.மீ. தான் மிஞ்சும். அதில் ஒரு கூடு கட்ட முடியாது. கவரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கம்பி கட்டுபவர் சொல்வார். அந்த லிண்டல்தான் சில ஆண்டுகளில் அடிவயிறு பிளந்து நிற்கும்.

ஆகவே கான்கிரீட் என்றால் பாதி பாதியாகப் போடாமல், சுவரின் முழு அகலமான 23 செ.மீ., உயரம் 20 செ.மீ. என்று ஒரே லிண்டலாகத் தரையில் வார்த்து ஏற்றுங்கள். அடியில் இரண்டு, மேலே இரண்டு என்று 12 மி.மீ. கம்பிகளும், 15 செ.மீ. இடைவெளியில் 8 மி.மீ. வளையங்களும் 3 அடி வாசலுக்குப் போதுமானவை. மாடி இருந்தால் பொறியாளர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். எடை 150 கிலோ வரும்; நான்கு ஆள் வேண்டும். முழு அகலத்தையும் ஒரே முறையில் வெட்டுவதால், தளத்துக்கு மட்டுமல்லாமல் மேலே உள்ள சுவருக்கும் முட்டு தேவை. லிண்டல் மட்டத்துக்கு மேலே சுவரில் துளையிட்டு, குறுக்கே உறுதியான கட்டைகளைச் செருகி, இருபுறமும் ஜாக்கி கொடுப்பது வழக்கம். வார்த்த லிண்டலில் மேல் எது, கீழ் எது என்று வார்த்த அன்றே எழுதிவிடுங்கள்.

10. கிணத்துத் தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்கும். கலவைக்கு அதையே ஊத்தலாமா?

கூடாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. நாக்குக்கு உப்புத் தெரிகிற தண்ணீரை அந்த வேலைக்கு எண்ணிப் பார்க்கவே வேண்டாம். மேலே சொன்ன அளவு லிண்டலுக்குக் கலவை ஏறக்குறைய 60 லிட்டர். அதற்கு அரை மூட்டைக்குச் சற்றுக் குறைவான சிமெண்ட். தண்ணீரோ 10 லிட்டர்தான். ஒரு குடம் காவிரித் தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பதற்காக முழு லிண்டலையும் பணயம் வைக்கிறோம் என்பதை வீட்டுக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் 10 லிட்டருக்கு மேல் ஊற்றி இளக்கினால் கான்கிரீட் சல்லடைக் கண்ணாகி, உப்பு உள்ளே போக வழி திறந்துவிடும்.

நனைக்கவும் நல்ல தண்ணீரே வேண்டும். சாக்கைச் சுற்றி ஈரமாக வைத்தால் குறைந்த தண்ணீரே போதும். சாம்பல் முதலியவை கலந்து வரும் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளாவது நனையட்டும். மணலும் கடற்கரை மணலாக இருக்கக்கூடாது. எத்தனை முறை கழுவினேன் என்று சொன்னாலும் சரி.

11. எங்களுது ஹாலோபிளாக் சுவர். உடைச்சா பொந்து பொந்தாத் தெரியுதே?

லிண்டல் உட்காரும் இடத்திலும் வாசலின் இரு ஓரங்களிலும் அந்தப் பொந்துகளை மெல்லிய ஜல்லிக் கான்கிரீட்டால் அடியிலிருந்து நிரப்ப வேண்டும். வெறும் பொந்தின் மேல் லிண்டல் முனையை வைத்தால், பிளாக்கின் மெல்லிய ஓடு நொறுங்கும். நிலையைப் பிடிக்கும் கிளாம்பும் திருகும் நிரப்பிய இடத்தில்தான் நிற்கும். பொந்தில் அடித்த பிளாஸ்டிக் குச்சி, நாலு முறை கதவை அறைந்து சாத்தினால் கழன்று கையோடு வந்துவிடும்.

12. தாத்தா காலத்து வீடு, பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். இதுல கை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் செங்கல் வீட்டுக்காரரின் வேகம் இங்கே உதவாது. கீழக்கரையிலும் இராமேசுவரம் தீவிலும் உள்ள இப்படிப்பட்ட சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடித் தடிமன் கொண்டவை. வெளியில் ஒரு முகம், உள்ளே ஒரு முகம், நடுவில் சில்லுக் கல்லும் சுண்ணாம்பும் என்று இருக்கும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகும் நின்றுகொண்டிருக்கும் தேவாலயச் சுவர்கள் இந்தக் கல்தான். கூரை போய்விட்டது, சுவர் இருக்கிறது. ஆனால் பிரேக்கர் எந்திரத்தை வைத்து அதிரவிட்டால், நடுவில் உள்ள சில்லுகள் உதிர்ந்து இரு முகங்களும் தனித்தனியே பிரிந்துவிடும். உளியும் கைச்சுத்தியலும் மட்டுமே. லிண்டலும் இரண்டு போதாது; தடிமனுக்கு ஏற்ப மூன்று அல்லது நான்கு கற்களை அடுத்தடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

ஓரங்களைக் கட்டச் சிமெண்ட் கலவை வேண்டாம். இந்தக் கல் உப்பும் ஈரமும் வாங்கி, சுண்ணாம்புச் சந்துகளின் வழியாக மூச்சுவிடுகிறது. சிமெண்டால் அந்த வழியை அடைத்தால், உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். சுண்ணாம்புக் கலவை இறுக நாள் அதிகம் பிடிக்கும் என்பதால், 6-ஆம் பதிலில் சொன்ன ஒரு வாரத்தை இங்கே ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கற்களை வெளியில் கொட்ட வேண்டாம்; ஓரம் கட்ட அவையே வேண்டும், புதிதாக வாங்க வழியில்லை. மன்னார் வளைகுடா 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவானது. கடலிலிருந்து பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடைந்த சில்லுகளை ஜல்லிக்குப் பதிலாகக் கம்பிக் கான்கிரீட்டில் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவற்றில் உப்பு ஊறிக் கிடக்கிறது.

13. நிலை எதுல போடுறது? மரம், இரும்பு, யுபிவிசி, எதைக் கேட்டாலும் ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

இரும்பு நிலையை மட்டும் விட்டுவிடுங்கள். தேக்கு, முற்றிய வேம்பு, பூவரசு ஆகியவை இங்கே நின்று காட்டிய மரங்கள். சுவருக்குள் மறையும் முகங்களுக்கும் அடிக்காலின் வெட்டுமுகத்துக்கும், நிறுத்துவதற்கு முன்பே, வள்ளத்துக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயை இரண்டு முறை ஊறவிட்டால் ஈரத்துக்கும் கறையானுக்கும் ஓரளவு தாங்கும். பின்பக்க வாசலுக்கு யுபிவிசி என்னும் கடினப் பிளாஸ்டிக் நிலை குறை சொல்ல முடியாதது. ஆனால் உள்ளே இரும்புச் சட்டம் வைத்து வருவதால், அதன் முனைகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

நிலையை விடத் திறப்பு இருபுறமும் ஒரு செ.மீ. மட்டுமே அகலமாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று கிளாம்ப். அவையும் இரும்பில் அல்ல, அடுத்த பதிலில் சொல்லும் எஃகில்.

14. எஸ்.எஸ். கீல்னு சொல்லித்தான் வாங்கினேன், காந்தம்கூட ஒட்டல. ஒரே வருஷத்துல பழுப்பேறிடுச்சே?

காந்தச் சோதனை இங்கே ஏமாற்றும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 202 தரத் துருப்பிடிக்காத எஃகிலும் (எஸ்.எஸ்.) காந்தம் சரியாக ஒட்டாது. நல்ல 304, 316 தரங்களிலும் ஒட்டாது. மூன்றுக்கும் வேறுபாடு உப்பில்தான் தெரியும். கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு 316 தரத்தையே பெயர் சொல்லிக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கனமான பித்தளைக் கீல் போதும். திருகும் அதே உலோகமாக இருக்க வேண்டும். நல்ல கீலை இரும்புத் திருகால் மாட்டுவதுதான் ஊரெங்கும் நடக்கிறது.

15. கதவு உள்ள திறக்கணுமா, வெளிய திறக்கணுமா?

வழக்கம் உள்ளே திறப்பதுதான். ஆனால் தென்கடலான மன்னார் வளைகுடாவைப் பார்த்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேரே அறையும் வாசலுக்கு, வெளியே திறக்கும் கதவு நல்லது. காற்று தள்ளத் தள்ள அது நிலையின் மேல் இன்னும் இறுகி, மணலும் தூவானமும் புகாமல் காக்கும். உள்ளே திறக்கும் கதவை அதே காற்று தாழ்ப்பாளிலிருந்து பிய்க்கப் பார்க்கும். புயலில் கதவு போய்விட்டால் நட்டம் கதவோடு முடிவதில்லை. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். ஓடுகளையும் தகரத்தையும் அது எளிதில் கொண்டுபோகும்.

வெளியே திறந்தால் கீல் வெளியில் தெரியும். ஆணி கழற்ற முடியாத கீலாகப் பாருங்கள். உள்ளே திறப்பதையே விரும்பினால், மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள், நடுவில் ஒரு குறுக்குக்கட்டை.

16. மழை அடிச்சா வாசல் வழியா தண்ணி உள்ள வருமே?

வாசற்படியை ஒரே கல்லில், வெளிப்பக்கம் சரிவாக, கதவின் அடிக்கு உள்ளே ஒன்றரை செ.மீ. உயர்ந்த வரம்பு நிற்குமாறு செதுக்கி வையுங்கள். கல்லின் வெளிமுனை சுவரைத் தாண்டி நீண்டு, அடியில் சொட்டுக் கோடாக நீளவாக்கில் ஒரு பள்ளம் இருந்தால், தண்ணீர் சுவரோடு வழியாமல் சொட்டிவிடும். வெளிப்படிகளைச் சுவரோடு பிணைத்துக் கட்ட வேண்டாம். மணல் தரையில் படி தனியாக இறங்கும். பிணைத்திருந்தால் சுவரையும் இழுக்கும்.

புது லிண்டலோடு சேர்த்துக் கான்கிரீட் சன்ஷேடு நீட்டச் சொல்வார்கள். வேண்டாம். சன்ஷேடு கவிழாமல் இருக்க அதன் பின்பகுதியின் மேல் சுவரின் எடை நன்றாக ஏறி நிற்க வேண்டும். இடையில் செருகிய லிண்டலில் அந்தப் பிடிப்பு இருக்காது. மரக்கைகள் மேல் நாலு வரிசை ஓடு போட்டால் வேலை முடிந்தது.

17. எந்த மாசத்துல வேலையைத் தொடங்குறது நல்லது?

தை பாதிக்கு மேல் பங்குனி முடிய. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரைத் திறந்து போடக்கூடாது. வைகாசிக்கு மேல் கச்சான் எழுந்துவிட்டால், தென்கடல் பக்கத்தில் ஈரக் கலவை மேல் மணல் வந்து ஒட்டும். பங்குனியைத் தாண்டினால் நனைக்கத் தண்ணீர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

18. வாஸ்துப்படி அந்த இடத்துல வாசல் ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க.

அது உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. மூலையை ஒட்டி வாசல் வைக்கச் சொன்னால் மட்டும் 3-ஆம் பதிலைப் படித்துக் காட்டுங்கள். நிலை நிறுத்த நல்ல நாள் பார்ப்பவர்கள், 6-ஆம் பதிலில் சொன்ன நனைக்கும் நாட்களைக் கழித்து நாள் குறிக்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்காக முட்டுக் கொடுத்த கட்டைகளை முன்கூட்டியே எடுக்கக் கூடாது.

19. வாசல் வச்சு ஆறு மாசம் ஆச்சு. மேல் மூலையில சாய்வா ஒரு கீறல் போகுது. பயப்படணுமா?

முதலில் அது பூச்சில் மட்டுமா, சுவரிலுமா என்று பாருங்கள். கீறலின் மேல் சிறிது பூச்சைச் சுரண்டினால் தெரிந்துவிடும். புதுக் கலவையும் பழைய சுவரும் சேரும் கோட்டில் மயிரிழைக் கீறல் வருவது இயல்பு. சேரும் இடத்தில் வலை பதித்துப் பூசியிருந்தால் அதுவும் வந்திருக்காது. சுவரிலேயே இருந்தால், கீறலின் குறுக்கே ஒரு சிறிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் பாலால் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கண்ணாடி முழுசாக இருந்தால், மேல் சுவர் இறங்கவேண்டிய அளவு இறங்கி நின்றுவிட்டது, அடைத்துப் பூசலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. உடனே லிண்டலுக்கு அடியில் முட்டு கொடுத்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். லிண்டலின் முனை உட்கார்ந்த இடத்தில் செங்கல் நசுங்கியிருப்பதும், திணித்த கலவை இறுகாமல் இருப்பதுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டையும் சரிசெய்ய முடியும்.

சாய்வாக இல்லாமல் லிண்டலின் அடியில் நீளவாக்கில் கீறல் வந்து பழுப்பு நீர் கசிந்தால், அது 5-ஆம் பதிலில் சொன்ன துருதான். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பூசி மறைப்பதால் அது நிற்காது. வேலை முடிந்து சில மாதங்களிலேயே அப்படி வந்தால், கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேளுங்கள்; லிண்டலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, மாற்றும்போது 6-ஆம், 9-ஆம் பதில்களின் முறையை முதலிலிருந்து பின்பற்ற வேண்டும்.